முப்புரிக் கயிறும் ஆட்டுக்கால் சூப்பும்

(முன்னாள் மாணவர், பி.எஸ்ஸி. வேதியியல், 1973–76)

மலர்க்குழுத் தம்பிகள் கட்டுரை கேட்டு வந்தபோது, "கல்லூரி நினைவுகள்னு ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். விடுதிச் சாப்பாடு, கல்விச் சுற்றுலா, ஸ்டிரைக் இவற்றையெல்லாம் என் வகுப்பு நண்பர்கள் என்னைவிட நன்றாகவே எழுதிவிடுவார்கள். நான் ஒரே ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அது.

நான் வாலாஜாபாத்திலிருந்து தினமும் ரயிலேறி வந்த பையன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "பாலாற்றங்கரைப் பையனா? ஆட்டுக்கால் சூப் சாப்பிட்டிருக்கியா?" என்றார்.

"சாப்பிட்டிருக்கேன் சார்."

"ராத்திரி மீந்தது காலையில ஏன் கெட்டியாயிடுது? சூடு பண்ணினா ஏன் மறுபடி இளகிடுது?"

"கொழுப்பு சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கொழுப்பு மேலதானே மிதக்கும்? அடியிலேர்ந்து ஆடுதே, அது என்ன? மெட்ராஸ்ல கண்டுபிடிச்ச சமாச்சாரம்ப்பா. உனக்கே தெரியலைன்னா எப்படி?"

தேறிவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு போகவில்லை. பின்னாளில் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான், அவர் சொன்ன மெட்ராஸ் சமாச்சாரத்தைத் தேடிப் படித்தேன்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். சர். சி. வி. ராமனின் மாணவர். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அவரை அழைத்து வந்தபோது அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிராகவே இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால் வேறொன்றுமில்லை. தோல், தசைநார், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சரக்கு. நம் உடலிலுள்ள புரதத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இதுதான். அமெரிக்காவின் லைனஸ் பாலிங் 1951-ல் இதற்கு ஓர் அமைப்பைச் சொல்லிப் பார்த்தார், சரிவரவில்லை. சென்னையில் ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ் கதிரில் காட்டிப் படமெடுத்தார்கள். அந்தப் படத்தையும் கொலாஜனில் மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசின் என்ற வேதியியல் செய்தியையும் சேர்த்து யோசித்தார்கள். மூன்று இழைகள் பக்கத்தில் பக்கமாக நிற்கின்றன. நடுவில் இடம் மிகக் குறைவு. அங்கே நுழையக்கூடியது அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது இருந்தாக வேண்டும். இது 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்தது. அடுத்த ஆண்டே, மூன்று இழைகளும் நம்மூர் முப்புரிக் கயிறு போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்தி எழுதினார்கள்.

இந்தக் கயிற்றைத் திரிப்பவர் யார்? யாருமில்லை. ஓர் இழைக்குள் அணுக்களைக் கோப்பது வலுவான சகப்பிணைப்பு. ஆனால் இழையோடு இழையைச் சேர்த்துப் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. ஒன்றைத் தனியாக எடுத்தால் சகப்பிணைப்பின் வலுவில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நூற்றுக்கணக்கில் வரிசையாகச் சேரும்போது உரல் கட்டித் தூக்கலாம். முறுக்கி முடிந்த கயிறுகளும் தாமாகவே பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு நாராகின்றன. குளிர்ந்த அமிலத்தில் கரைத்து வைத்த கொலாஜனை நடுநிலைப்படுத்தி, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் சோதனைக் குழாயிலேயே நார் உருவாவதை 1950-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே 1955-ல் கலிபோர்னியாவில் ஃபிரெங்கல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் புகையிலை வைரஸைப் பிரித்துப் போட்டுக் கலந்தபோது அது தானே மறுபடி கூடிக்கொண்டது. இப்படி மென்பிணைப்புகளால் மூலக்கூறுகள் கூடும் விதத்தை ஆராய்வது பின்னர் தனித்துறையே ஆகிவிட்டது. 1987-ல் லேன், கிராம், பெடர்சன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறையில்தான்.

இப்போது சூப்புக்கு வருவோம். கொதிக்கக் கொதிக்க ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து கயிறு பிரிந்துபோகிறது. பிரிந்த இழைகளின் பெயர்தான் ஜெலட்டின். ஆறும்போது அவை பழைய ஜோடியைத் தேடுகின்றன. கிடைத்ததோடு அங்கங்கே முறுக்கிக்கொண்டு வலையாகி, நீரையும் உள்ளே பிடித்துவைக்கின்றன. காலையில் கிண்ணத்தில் ஆடுவது அந்த வலைதான்.

சென்னையின் விடையை உலகம் உடனே அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1955-லேயே கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் எழுதினார்கள்: முப்புரி சரி, ஆனால் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது தவறு, ஒன்றுக்குத்தான் இடம், உங்கள் மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று. கிரிக் யார்? 1953-ல் டி.என்.ஏ. அமைப்பைச் சொன்னவர். இங்கே வேறு யாராவது இருந்தால் மனம் உடைந்திருப்பார், அல்லது பத்து வருஷம் சண்டை போட்டிருப்பார். ராமச்சந்திரன், "அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம்?" என்று அந்தக் குறையையே கேள்வியாக எடுத்துக்கொண்டார். அதுவரை தெரிந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசி, ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் சேர்ந்து 1963-ல் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்று உலகில் எந்தப் புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

1968-ல் அவர் இன்னொன்றும் சொன்னார். இரண்டாவது பிணைப்பு நேராக இல்லாமல் ஒரு நீர் மூலக்கூறு வழியாக இருக்கலாம் என்றார். 1994-ல் அமெரிக்காவில் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிக அமைப்பைத் துல்லியமாகப் பார்த்தபோது, நேர் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. கூடவே நீர் மூலக்கூறுகள் பாலம் போட்டு நின்றன. கிரிக் தரப்பும் சரி, நம்மவர் உள்ளுணர்வும் வீண்போகவில்லை. 2001 ஏப்ரலில் ராமச்சந்திரன் மறைந்தார்.

என் பிழைப்பே இந்தக் கயிறுதான். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். பட்டையிலுள்ள டானின் கொலாஜனைப் பிடிப்பதும் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால்தான். வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் உப்பு இன்னும் வலுவாகப் பிடிக்கும், ஓரிரு நாளில் வேலை முடியும். ஆனால் அந்தக் கழிவுநீர் பாலாற்றை என்ன செய்தது? 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதிவிட்டது. ஆற்றின் கீழ்ப்பக்கம் பிறந்து, மேல்பக்கம் சம்பளம் வாங்கியவன் நான். அந்தக் கணக்கு என் மனதில் இன்னும் தீரவில்லை.

இன்று வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் அதில் இருக்கிறார்கள். ரோபோ வெல்டிங் செய்து கார் கூடுவதை தினமும் பார்க்கிறார்கள். வெல்டிங்கே இல்லாமல் கூடும் ஒன்றைச் சென்னையில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்குக்கு 'ட்ரிபிள் ஹீலிக்ஸ்' என்றே பெயர். அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, தேர்வில் உங்கள் பதிலைக் கேட்டு யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். கேள்வியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். எனக்குப் பதில் கிடைக்கப் பத்து வருஷம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆகாது.