தரையில் எழுதப்பட்ட வீதிகள்

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில், பழைய மெதடிஸ்த தேவாலயக் கட்டடமொன்றில் இயங்குகிறது 'டிஸ்ரிக்ற் சிக்ஸ்' நூதனசாலை. அரசர்களின் வாள்களையோ பொற்காசுகளையோ தேடி அங்கே எவரும் செல்வதில்லை. அதன் மிகப் பெறுமதியான காட்சிப்பொருள், தரை முழுவதும் வரையப்பட்ட ஒரு வீதிப்படம். அப்படம் காட்டும் வீதிகளிற் பெரும்பாலானவை இன்று இல்லை.

1867ஆம் ஆண்டில் நகரின் ஆறாவது மாநகர வட்டாரமாக வகுக்கப்பட்டமையால் அப்பகுதி இப்பெயரைப் பெற்றது. விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியினர், கைவினைஞர், துறைமுகத் தொழிலாளர், யூதக் குடியேறிகள், இந்திய வணிகர் எனப் பலரும் அங்கே அயலவராக வாழ்ந்தனர். 1966 பெப்ரவரி 11ஆந் திகதி, குழுப் பிரதேசச் சட்டத்தின் கீழ், அது வெள்ளையருக்குரிய பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சேரியை அகற்றுகிறோம் என்றது அரசு. 1982 அளவில் 60,000இற்கும் அதிகமானோர் நகருக்கு வெளியேயுள்ள மணற்பாங்கான சமவெளிக்கு அனுப்பப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் தனித்து நின்றன.

1994 டிசெம்பரில் திறக்கப்பட்ட இந்நூதனசாலையிற் பார்வையாளரை அழைத்துச் சென்று விளக்கியவர்களில், அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களே முக்கியமானவர்கள். மேலிருந்து தொங்கும் பழைய வீதிப் பெயர்ப்பலகைகளை அவர்கள் முதலிற் காட்டுவர். வீசிவிடும்படி பணிக்கப்பட்ட அப்பலகைகளை, இடிப்புவேலையின் மேற்பார்வையாளர் ஒருவரே தம் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். அடுத்தது தரைப்படம். முன்னாள் குடியிருப்பாளர் தத்தம் வீடு இருந்த இடத்திற் குனிந்து தம் பெயரை எழுதியிருக்கின்றனர். வழிகாட்டிகளுள் ஒருவரான நூர் இப்ராஹிம் தமது புறாக்களின் கதையைச் சொல்வார். புதிய இடத்திற் பல வாரங்கள் அடைத்து வைத்த பின்னர் அவற்றைத் திறந்துவிட்டாராம். அவை திரும்பி வரவில்லை. மறுநாள் அவர் கண்டது, இடிக்கப்பட்ட தமது பழைய வீட்டின் வெறும் நிலத்திலே அவை கூடி நின்றதைத்தான்.

இக்கதையைக் கேட்டுக் கண் கலங்குவதோடு நின்றுவிட்டால் இந்நூதனசாலையை நாம் சரியாகப் புரிந்துகொண்டவர்களாக மாட்டோம். அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலானோர் வாடகைக் குடியிருப்பாளர். கையில் உறுதி இல்லாதவர்கள். 1994ஆம் ஆண்டின் காணி மீளளிப்புச் சட்டம், நீண்டகாலம் வாழ்ந்த வாடகைக்காரரும் உரிமை கோரலாம் என ஏற்றுக்கொண்டது. அத்தகையவர்களுக்கு அயலவரின் ஞாபகமும் வீதியின் பெயரும் கதவிலக்கமும் வெறும் ஏக்கமல்ல, உரிமையின் சான்றுகள்.

ஆனால் அச்சட்டத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. 1913 யூன் 19இற்குப் பின்னர் இடம்பெற்ற பறிப்புகளுக்கே அது பொருந்தும். ஆறாம் வட்டாரத்திலிருந்து முதன்முதலில் வெளியேற்றப்பட்டோரோ கறுப்பின ஆபிரிக்கர். 1901இலே கொள்ளைநோயைக் காரணங்காட்டி அவர்கள் அகற்றப்பட்டனர். சட்டத்தின் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை. நூதனசாலையின் கணக்கில் உண்டு. எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்தோம் என்ற இனிய நினைவுக்குள் அந்த முதல் வெளியேற்றம் மறைந்துபோகாமற் காப்பதும் அதன் கடமையாயிற்று.

2004 பெப்ரவரியில் முதலாவதாகத் திரும்பியோரிடம் நெல்சன் மண்டேலா வீட்டுத் திறப்புகளைக் கையளித்தார். அப்போது அவர்கள் எண்பது வயதைக் கடந்திருந்தனர். அதன் பின்னரும் மீள்குடியேற்றம் ஆமை வேகத்திலேயே நகர்ந்தது. காத்திருந்தே கண்மூடியோர் பலர். அரசு சூட்டியிருந்த 'சொன்னபுளும்' என்ற பெயர் நீங்கி, பழைய பெயர் அதிகாரபூர்வமாக மீண்டதும் 2019இலேதான்.

வீடிழந்து உலகெங்கும் பரந்து வாழும் நம்மவருக்கு இதில் ஒரு பாடமுண்டு. ஊரை நடந்து காட்டக்கூடியவர்கள் நம்மிடையே உள்ளபோதே, ஒழுங்கைகளையும் கிணறுகளையும் அயலவர் பெயர்களையும் எழுதி வைத்தல் வேண்டும். நமக்கு முன்னர் அங்கிருந்து விரட்டப்பட்டவர்களின் பெயர்களும், நம்மால் விரட்டப்பட்டவர்களின் பெயர்களும் அப்படத்தில் இடம்பெறல் வேண்டும். அவை இல்லாத படம் ஊரின் படமாகாது.