தோலுக்கு அடியில் ஒரு சின்ன டப்பா: கீமோ போர்ட் வந்த கதை

1/ "இந்தக் கையில நரம்பே கிடைக்காது சார், அந்தக் கையில பாருங்க."

கீமோ வார்டுல நான் ஊசியை எடுக்கும் முன்னாடியே ஒரு அம்மா சொன்னது. ரெண்டு கையும் கறுத்துப் போயிருந்தது. போர்ட் வைக்கலாம்னு சொன்னா, "இதயம் பக்கத்துலயா? வேணவே வேணாம்!"

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. வாங்க பாப்போம்.

2/ நாம "நரம்பு"ன்னு சொல்றது உண்மையில் சிரை. கைச் சிரைகள் மெல்லியவை. சில கீமோ மருந்துகள் அவற்றைப் புண்ணாக்கும். வெளியே கசிந்தால் சதையே அழுகலாம். இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில் ரத்தம் வேகமா ஓடுறதால மருந்து உடனே நீர்த்துப் போகும்.

3/ ஆனா அங்கே குழாய் விட்டா உயிர் போயிடும்னுதான் டாக்டர்களே நம்பினாங்க. 1929இல் ஜெர்மனியின் எபெர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேட்காமல், தன் கைச் சிரை வழியா இதயம் வரைக்கும் குழாயைச் செலுத்தி, நடந்தே போய் எக்ஸ்ரே எடுத்துக்கிட்டார். 1956இல் நோபல் பரிசு!

4/ அடுத்து சாப்பாடு. குடல் வேலை செய்யாதவங்களுக்கு செறிவான குளுக்கோஸ் வேணும். கைச் சிரை தாங்காது. 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழு பெருஞ்சிரை வழியாக மட்டுமே உணவு கொடுத்து நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டியது. பிறகு குடல் வளராமல் பிறந்த ஒரு குழந்தைக்கும் அப்படியே கொடுத்தார்கள்.

5/ 1973இல் ப்ரோவியாக் குழாய், 1979இல் ஹிக்மன் குழாய். மாசக்கணக்கில் உடம்பிலேயே இருக்கும். ஆனா ஒரு முனை மார்புக்கு வெளியே தொங்கும். தினசரி பராமரிப்பு, கிருமித்தொற்று பயம், நிம்மதியா குளிக்க முடியாது.

6/ 1982இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் நீடர்ஹூபர் குழு எல்லாவற்றையும் தோலுக்கு அடியிலேயே புதைத்தது. அதுதான் போர்ட்! நாணயம் அளவு டப்பா, மேலே சிலிக்கோன் மூடி. ஹூபர் ஊசி அந்த மூடியைத் துண்டாக்காமல் உள்ளே போகும். எடுத்ததும் ஓட்டை தானா மூடிக்கும்.

7/ ரிஸ்க்கே இல்லையா? இருக்கு. கிருமித்தொற்று வரலாம், ரத்தம் உறையலாம். போர்ட் வச்சவங்களுக்குக் குளிர் காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. கை நரம்பு எல்லாம் தீரும்வரை காத்திருக்காம, கீமோ தொடங்கும்போதே டாக்டரிடம் கேளுங்க.

8/ இந்தக் கதையைக் கேட்டுட்டு அந்த அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "தலைக்குக் குளிக்கலாமா சார்?"

புண் ஆறினதும் தாராளமா குளிக்கலாம்மா.