இருபடையும் சூடிய பூ

தரிசிலும் மேய்ச்சல் வெளியிலும் மழைக்குப்பின் தானே முளைத்து, விதை சிந்திக் காய்ந்துவிடும் ஓராண்டுச் செடி தும்பை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொடுத்த மலர்களுள் இதுவும் ஒன்று. 1810-இல் இராபர்ட் பிரவுன் இதன் பேரினத்திற்கு இட்ட 'லியூகாஸ்' என்னும் பெயர், வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. நம் மக்கள் வழக்கும் அவ்வெண்மையையே போற்றுகிறது.

இத்துணை எளிய பூ ஒரு போர்த்திணைக்குப் பெயரானது எங்ஙனம்? ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, ஆநிரை கவர்வோர்க்கு வெட்சியும் மீட்போர்க்குக் கரந்தையும், மதிலை வளைப்போர்க்கு உழிஞையும் காப்போர்க்கு நொச்சியும் என வகுத்தது. அங்கெல்லாம் எதிரெதிர் நின்றோரைப் பூவே பிரித்துக் காட்டிற்று. தும்பையில் அப்பிரிவு இல்லை. பொருகளத்தில் இருபடையினரும் அதனையே சூடினர். ஆநிரையோ மண்ணோ மதிலோ அன்று, வலிமையின் புகழே அப்போரின் நோக்கம் என்பது தொல்காப்பியர் கருத்து.

சேரர்க்குப் பனையும் சோழர்க்கு ஆத்தியும் பாண்டியர்க்கு வேம்பும் அடையாளமாயின. எவர்க்கும் தனியுரிமையாகாத வெளிநிலப் பூவைப் பகைவர் இருவரும் சூடியதில், எதிர்நிற்பவனும் தன்னை ஒத்த வீரனே என்னும் ஒப்புதல் உண்டென்பது என் துணிபு. வெற்றிக்குரிய மலர் வாகை; தும்பையோ வெற்றி எவர்க்கென்று தெரியுமுன் சூடப்பெறுவது. பத்தாண்டுகளாகச் சொற்களத்தில் மாறுபட்டும் ஒருங்கிருக்கும் நம் வட்டத்திற்கு உரிய பூவும் அதுவே.