இரண்டு பிரதிகள் அனுப்பவும்

புத்தக மதிப்புரையை நான் எப்போதும் அடியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். பக்கம் இத்தனை, விலை இவ்வளவு, வெளியீடு இன்னார், விலாசம் இது. மேலே எழுதியிருப்பது எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த ஒரு வரியில் யாரும் கதை விட முடியாது. நீலகிரியில் கீழ் கோத்தகிரிப் பக்கம் படித்து வளர்ந்தவனுக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. கோத்தகிரிக்குப் பஸ் ஏறினால் நோட்டும் கோனார் உரையும் கிடைக்கும். நாவல் வேண்டுமென்றால் மலை இறங்க வேண்டும், இல்லையென்றால் பதிப்பகத்துக்குக் கார்டு போட்டு வி.பி.பி.யில் வரவழைக்க வேண்டும். தபால்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்கலாம். பிரித்த பிறகு புத்தகம் சரியில்லை என்று தெரிந்தால், தெரிந்ததோடு சரி.

நின்றபடியே நாலு பக்கம் புரட்டிப் பார்க்க வழியில்லாத அந்த வாசகனுக்காக வேறொருவன் புரட்டிப் பார்த்துச் சொல்வதுதான் மதிப்புரை. அந்த வேறொருவன் தமிழுக்கு வெகு தாமதமாக வந்து சேர்ந்தான்.

நூலைப் பற்றிப் பேசுவது நமக்குப் பழைய வழக்கம்தான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று கணக்காக வகுத்துத் தருகிறது. ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்ல வந்த பொருள், அதைக் கேட்பதற்குரியவர், அதனால் கிடைக்கும் பயன் என்று எட்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகச் சொல்வாரும் உண்டு என்கிறது. இன்றைக்கு ஒரு பத்திரிகை ஆசிரியர் புதிதாக மதிப்புரை எழுத வருகிறவரிடம் இந்தப் பட்டியலை நீட்டினால் போதும், பாதி வேலை முடிந்தது.

சிக்கல் சற்றுத் தள்ளி வரும் சூத்திரத்தில் இருக்கிறது. இந்தப் பாயிரத்தை யார் சொல்லலாம்? நூலாசிரியனின் ஆசிரியர், அவனோடு கூடப் படித்தவர், அவனுடைய மாணாக்கர், அந்த நூலுக்கு உரை எழுதியவர். நால்வருமே வேண்டியவர்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரையே தொல்காப்பியரோடு கூடப் படித்தவர் என்றுதான் மரபு சொல்கிறது. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது முறையல்ல, ஆகவே புகழ வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்ற ஏற்பாடு இது. அந்தக் காலத்துக்கு அது பொருந்தியது. ஓலைச் சுவடியைக் கையில் எடுக்கிறவன் யாரிடமாவது பாடம் கேட்க உட்கார்ந்திருப்பான். நூலும் ஆசிரியரும் சிபாரிசும் ஒரே திண்ணையில் கிடைத்துவிடும்.

இதே நன்னூல் நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று தனியாக ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, வேறொன்றை எடுத்து வளர்த்துக்கொண்டு போவது எல்லாம் அதில் உண்டு. எனக்குப் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. ஆரம்பம் அமர்க்களமாக இருந்து, போகப் போக மெலிந்து, கடைசியில் காணாமல் போகிற நாவல்களை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! ஆனால் இந்தக் குற்றப் பட்டியல் எழுதுகிறவன் தன்னைக் காத்துக்கொள்வதற்காக இருந்தது. பாயிரம் சொல்லுகிறவர் கையில் அது தரப்படவில்லை. விமர்சனத்துக்கான ஆயுதங்கள் ஒரு அறையிலும் விமர்சகர் இன்னொரு அறையிலுமாகப் பல நூற்றாண்டு கழிந்தது என்றே சொல்லலாம். அரங்கேற்றத்தில் கேள்வி கேட்டார்கள், தடை எழுப்பினார்கள், விடையும் வாங்கினார்கள். ஆனால் அதெல்லாம் சபைக்குள் முடிந்த காரியம். வெளியூர்க்காரனுக்கு வந்து சேர்ந்தது, சபை ஏற்றுக்கொண்டது என்ற செய்தி மட்டும்.

அச்சு வந்தபோது இந்த மரபு அப்படியே புத்தகத்தின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளைப் புரட்டினால், நூலுக்கு முன்னால் வித்துவான்கள் பாடிக் கொடுத்த சாற்றுக்கவிகள் வரிசை கட்டி நிற்கும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றவர்களிடம் ஒன்று வாங்கிவிட்டால் புத்தகத்துக்குப் பெரிய மதிப்பு. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கண்டனம் இருந்தது. 1867இல் வெளிவந்த திருவருட்பாவை முன்வைத்து ஆறுமுக நாவலர் தரப்பும் வள்ளலார் தரப்பும் மோதிக்கொண்டது மஞ்சக்குப்பம் கோர்ட் வரை போனது. ஒன்று தலையில் தூக்கிவைத்து ஆடுவது, இல்லையென்றால் காலில் போட்டு மிதிப்பது. இரண்டுமே நூலாசிரியரை நோக்கிப் பேசியவை. காசு கொடுத்து வாங்கப்போகிறவன் இரண்டிலும் கணக்கில் இல்லை.

ஐரோப்பாவில் அவன் சீக்கிரமே கணக்கில் வந்துவிட்டான். 1665 ஜனவரியில் பாரிஸில் தெனி த சல்லோ தொடங்கிய ‘ஜூர்னால் தே சாவான்’ இதழின் முக்கிய வேலையே, எந்த ஊரில் என்ன புத்தகம் வந்திருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று தொலைவில் இருக்கும் படிப்பாளிகளுக்குச் சொல்வது. நம் ஊரில் அந்த முகம் தெரியாத வாசகனை உருவாக்கியதில் அரசாங்கத்துக்கும் தபாலுக்கும் பங்குண்டு. இந்தியர்கள் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் 1835இல் நீங்கின. 1867இன் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தையும் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், பிரதி எண்ணிக்கை, விலை என்று பதிவு செய்யச் சொன்னது. 1877இல் வி.பி.பி. வந்தது. பாயிரத்தின் எட்டுக்கு அடுத்தபடியாக விலையும் விலாசமும் ஒன்பதாவது, பத்தாவதாகச் சேர்ந்தன. ஆசிரியனை ஜென்மத்தில் பார்க்கப்போகாத ஒருவன் புத்தகம் வாங்கலாம் என்று ஆனது அப்போதுதான். அவனுக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

ஆள் பத்திரிகைகளிலிருந்து வந்தான். ‘மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்’ என்ற வாசகம் தமிழ்ப் பத்திரிகைகளில் நிலைபெற்றது. ஒன்று எழுதுகிறவருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. ஒரே பிரதி அனுப்பியவர் ‘வரப்பெற்றோம்’ பகுதியில் ஒரு வரியோடு திருப்திப்பட வேண்டியதுதான். 1934இல் தொடங்கிய தினமணியில் உதவி ஆசிரியராக இருந்த புதுமைப்பித்தன் செய்தி வேலைக்கு நடுவே மதிப்புரையும் எழுதினார். பாயிரக்காரர்களின் குலத்தில் இப்படி ஒருவர் பிறந்ததே இல்லை. ஆசிரியர் மனம் கோணுமே என்ற கவலை அவர் எழுத்தில் கிடையாது. கிண்டலாக நாலு வரியில் ஒரு புத்தகத்தை ஓரங்கட்டிவிடுவார். மேசைமேல் வந்து குவிவதில் பெரும்பகுதி சுமாரான சரக்கு என்பது தினசரி அலுவலகத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் உறைக்கும். அந்த உறைப்பிலிருந்து பிறந்த கிண்டல் அது. அதே காலத்தில் பாரதி மகாகவியா என்று கல்கி ஒருபுறமும் கு.ப.ராஜகோபாலன், சிட்டி மறுபுறமுமாகப் பத்திரிகைகளில் வாதாடினார்கள். ‘கண்ணன் என் கவி’ என்ற புத்தகம் அதில் விளைந்தது. மதிப்பிடுவது பொது விவகாரமாகிவிட்டது.

இந்த வேலையையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள் இருவர், இருவரும் 1912இல் பிறந்தவர்கள். க.நா.சுப்ரமண்யமும் சி.சு.செல்லப்பாவும். க.நா.சு. 1957இல் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று ஒரு புத்தகம் போட்டார். மதிப்புரையின் வேலை என்ன என்பதை அந்தத் தலைப்பை விடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிடவில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ போன்ற நாவல்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே வாசகர் நினைவில் நிறுத்தினார். அவர் பாணி பட்டியல். இது நல்ல நாவல், இதுவும் நல்ல நாவல், மற்றது வேண்டாம். ஏன் என்று கேட்டால், படித்துப் பாருங்கள், தெரியும் என்பது போல நகர்ந்துவிடுவார். விட்டுப்போனவர்களுக்குக் கோபம் வந்தது, வராமல் இருந்தால்தான் அதிசயம்.

செல்லப்பாவுக்கு அந்த ‘ஏன்’தான் எல்லாமே. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். ஒரு கதையை எடுத்தால் வரி வரியாக, சொல் சொல்லாகப் பிரித்துப் போட்டு, எது எதனால் நிற்கிறது என்று காட்டாமல் விடமாட்டார். அலசல் விமர்சனம் என்று அதற்குப் பெயர் வந்தது. விமர்சனத்துக்காகத் தொடங்கிய பத்திரிகை கடைசியில் புதுக்கவிதைக்குத் தாய்வீடாகிப் போனது வேறு கதை. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் அவர் விற்றதைத் தமிழ்நாடே அறியும். என்னைக் கேட்டால், க.நா.சு. சொன்னதை நம்பிப் புத்தகம் வாங்கலாம், செல்லப்பா சொன்னதை வைத்துப் புத்தகம் படிக்கலாம். முன்னவர் இல்லாவிட்டால் பின்னவருக்கு வேலையே வந்திருக்காது.

‘எழுத்து’க்கு வடநாட்டில் மத்திய அரசு வேலையில் இருந்த ஒரு வாசகர் கடிதம் எழுதினார். அந்தக் கடிதக்காரர்தான் பிற்பாடு ‘பாலையும் வாழையும்’ எழுதிய வெங்கட் சாமிநாதன். ஆசிரியருக்கு ஆசானுமில்லை, சகபாடியுமில்லை, தூரத்தில் உட்கார்ந்து தபாலில் படித்தவர். நன்னூலின் நால்வருக்குப் பிறகு ஐந்தாவது ஆளாக அந்நியன் வந்து நின்றுவிட்டான். தமிழ் மதிப்புரை பிறந்தது இங்கேதான் என்று நான் கை வைப்பேன்.

பிறந்தது பிழைத்ததா என்றால், இழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கான ஒரு காரணத்தைப் பற்றி எழுத்தாளர்கள் பேசுவதே இல்லை. சென்னை மாகாணத்தில் 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் பெரிய கொடை, கீழ் கோத்தகிரி மாதிரி இடங்களில் படிக்கிறவர்களுக்கு நூலகம்தான் கதி. ஆனால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடிக்கும் பதிப்பாளருக்கு நூலக ஆணை கிடைத்துவிட்டால், முகம் தெரியாத வாசகனை வசப்படுத்த வேண்டிய அவசியம் போய்விடுகிறது. வாசகன் வேண்டாமென்றால் மதிப்புரை எதற்கு? அந்த இடத்தில் வெளியீட்டு விழா வந்து உட்கார்ந்தது. மேடையில் நண்பர், ஆசான், மாணவர், அணிந்துரை எழுதியவர். சாற்றுக்கவி பொன்னாடையோடு திரும்பி வந்திருக்கிறது.

எழுதுகிறவர் கஷ்டம் இன்னொன்று. கூலி பெரும்பாலும் அந்தப் புத்தகம்தான். பத்திரிகையில் ஒதுக்குகிற இடம் முந்நூறு சொல். அதில் கதையைச் சொன்னால் கருத்துக்கு இடமில்லை, கருத்தைச் சொன்னால் எதைப் பற்றி என்று புரியாது. 1939இல் வர்ஜீனியா வுல்ஃப் இந்தத் தொல்லைக்குக் குறும்பாக ஒரு தீர்வு சொன்னார். புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை வெட்டிப் போட்டு, பிடித்திருந்தால் ஒரு குறி, பிடிக்காவிட்டால் இன்னொரு குறி குத்திவிட்டுப் போகலாம். விமர்சகர், டாக்டர் மாதிரி ஃபீஸ் வாங்கிக்கொண்டு எழுத்தாளரைத் தனியறையில் சந்தித்து உண்மையைச் சொல்லட்டும் என்றார். அதே பிரசுரத்தில் அவர் கணவர் லெனார்டு வுல்ஃப் இதற்கு மறுப்புக் குறிப்பு எழுதிச் சேர்த்தார். வாசகனை வெளியே நிறுத்துகிற யோசனை எனக்கும் உடன்பாடில்லை.

கஷ்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, எங்கள் மலையைப் பற்றிய புத்தகம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’, 1963. மின்துறைப் பொறியாளரான கணவர் குந்தா நீர்மின் திட்டத்தில் பணியாற்றியபோது நீலகிரியில் வாழ்ந்து, படகர் வாழ்க்கையைக் கிட்டத்தில் பார்த்து எழுதிய நாவல். எருமையும் சாமையுமாக இருந்த ஹட்டிக்குள், அதாவது படகர் ஊருக்குள், தேயிலையும் காசும் படிப்பும் மின்சாரமும் நுழைகிற கதை. இதற்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தால் கை தானாக எழுதும் முதல் வரி, ‘மலைவாழ் பழங்குடி மக்களின் வாழ்வை மண்மணம் கமழப் படம்பிடிக்கிறது’ என்று இருக்கும். மண்மணத்தை முதலில் அடிக்க வேண்டும், தஞ்சாவூர் நாவலுக்கும் அதையேதான் போடுகிறார்கள். ‘பழங்குடி’யில் தயங்கி நிற்க வேண்டும். படகர்கள் இன்றைய பழங்குடிப் பட்டியலில் இல்லை, சேர்க்கச் சொல்லிப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெரியாமல் போட்ட ஒரு சொல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். ‘மலைவாழ் மக்கள்’ என்றால் யார்? தானியம் படகரிடமிருந்து, இரும்பும் பானையும் வாத்தியமும் கோத்தரிடமிருந்து, நெய் தோடரிடமிருந்து, தேன் குறும்பரிடமிருந்து என்று ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்த மலை இது. கீழ் கோத்தகிரியிலிருந்து சரிவில் இறங்கினால் இருளர், குறும்பர் ஊர்கள். நாவலில் அந்த அண்டை வீட்டாருக்கு எவ்வளவு இடம், அவர்களை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று கேட்டால், அங்கே மதிப்புரை தொடங்குகிறது. அடுத்த கேள்வி, தகவல் கதையைத் தாங்குகிறதா, தள்ளிவிடுகிறதா என்பது. ராஜம் கிருஷ்ணனின் பலமும் அதுதான், அவர்மேல் உள்ள குறையும் அதுதான். எந்தப் பக்கத்தில் அது நடக்கிறது என்று விரல் வைத்துக் காட்டாமல் ஆவண நாவல் என்று முத்திரை குத்துவது, வுல்ஃப் சொன்ன குறி குத்துகிற வேலை.

சென்னையில் இருக்கும் விமர்சகருக்கு முதல் கேள்வி எழாது. ஹட்டியில் பிறந்த வாசகருக்கு இரண்டாவது கேள்வி எழாமல் போகலாம். சடங்கு இந்த வரிசையில் நடக்காது, எங்கள் வீட்டில் இப்படிப் பேசமாட்டோம் என்று திருத்தப் பட்டியல் போடுவதோடு நின்றுவிடுவார். அந்தப் பட்டியல் தேவைதான், ஆனால் தகவல் பிழை வேறு, நாவலின் குறை வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஹட்டிக்காரர் எழுதினால், பவணந்தியாரின் நால்வரும் தபாலில் படித்த அந்நியனும் போக ஆறாவதாக ஒருவர் வருகிறார். புத்தகத்தில் எழுதப்பட்டவரே எழுத வருகிறார். தமிழ் மதிப்புரையில் இனிமேல் புதிதாக எதையாவது எதிர்பார்த்தால் இந்த ஆளிடம்தான் எதிர்பார்க்கிறேன். அவருக்கும் வேலை சுலபமாக இருக்காது. அந்நியனுக்கு ஆசிரியரின் முகதாட்சண்யம் மட்டும்தான் தொல்லை, இவருக்கு ஊரே உறவு. பேரகணியில் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவர் கேட்பார், நம்மைப் பற்றி மதித்து ஒருத்தர் எழுதியிருக்கிறார், அதைப் போய்க் குறை சொன்னாயாமே என்று. அங்கே நின்று சொல்லக்கூடிய பதில் இருந்தால்தான் அவர் அந்தக் குறையை எழுத முடியும்.