படியளப்பும் பாதாளமும்: தெய்ர் எல்-மதீனா கல்லறைத் தொழிலாளர் ஊரை முன்வைத்து

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 40 செ.மீ. உயரம்கூட இல்லாத சுண்ணாம்புக்கல் சில்லு ஒன்று இருக்கிறது. இரண்டாம் ராமேசஸின் 40ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட வருகைப் பதிவேடு அது. அதில் நாற்பது தொழிலாளர்களின் பெயர்கள் உள்ளன. வேலைக்கு வராத நாள்கள் கருப்பு மையிலும், ஒவ்வொரு நாளின் தலைக்கு மேலும் அதற்கான காரணம் சிவப்பு மையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒருவரைத் தேள் கொட்டியிருக்கிறது. ஒருவருக்குக் கண் நோய். இன்னொருவரின் தாய்க்கு உடம்பு சரியில்லை. பலர் பீர் காய்ச்சப் போயிருக்கிறார்கள். சிலர் இறந்த உறவினரின் உடலைத் துணியால் சுற்ற வேண்டியிருந்தது. வீட்டுப் பெண்ணின் மாதவிலக்கு என்று பெரும்பாலோர் படிக்கும் குறிப்பும் பல இடங்களில் வருகிறது. தெய்வத்துக்குப் படைக்கப் போனதற்கும் விடுப்பு உண்டு.

அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்தவர்களும், பூசியவர்களும், தீட்டியவர்களும் இவர்கள்தாம். தேள்கடிக்கு விடுப்பு எடுத்த கையும், சூரியக் கடவுளின் இரவுப் பயணத்தைச் சுவரில் ஏற்றிய கையும் ஒரே ஊரைச் சேர்ந்தவை. ஆனால் பண்டைய எகிப்து பற்றிய பொது நூல்களில் தொன்மம் ஓர் இயலாகவும், நினைவுச்சின்னம் ஓர் இயலாகவும், அன்றாட வாழ்க்கை கடைசி இயலாகவும் பிரிந்து கிடக்கின்றன. அந்தக் கடைசி இயல் பெரும்பாலும் ரொட்டியும் பீரும் குழந்தைகளின் பொம்மையுமாகச் சுருங்கிவிடுகிறது. இந்தப் பிரிவினை பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். புதிய அரசுக் காலத் தீபஸில் மூன்றையும் பிணைத்த கயிறு ஒன்று உண்டு. அதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: படியளத்தல். தானியத்தை அளந்து கொடுப்பதையும், தெய்வமோ அரசனோ உயிர்களைக் காப்பதையும் இந்த ஒரு சொல்லால் நாம் குறிக்கிறோம். எகிப்தியரின் எண்ணத்திலும் இவ்விரண்டும் பிரிந்திருக்கவில்லை.

முதலில் ஊரைப் பார்க்கலாம். இன்றைய லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், பாறைக் குன்றுகளுக்கு நடுவே அது இருக்கிறது. பழைய மதிலின் செங்கற்களில் முதலாம் துட்மோஸின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. மதிலுக்குள் சுமார் 70 வீடுகள். சுற்றிலும் விளைநிலமோ கிணறோ கிடையாது. குடிநீர் கழுதை முதுகில்தான் வந்து சேர்ந்தது. பத்து நாள் கொண்ட வாரத்தில் எட்டு நாள் வேலை. அந்த நாள்களில் மலைமேட்டுக் குடிசைகளிலேயே தங்கிவிடுவார்கள். ஊருக்கு வடக்கே 50 மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள பெருங்குழி ஒன்று உண்டு. அதில் கொட்டப்பட்ட குப்பையிலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கான எழுத்துச் சில்லுகள் வெளிவந்தன. 1922 முதல் 1951 வரை இங்கு அகழாய்வை நடத்தியவர் பெர்னார் ப்ரூயேர். சில்லுகளைப் படித்துக் கொடுப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர் யாரோஸ்லாவ் செர்னி.

விளையாத ஊருக்கு உணவு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 கர் எம்மர் கோதுமையும் ஒன்றரை கர் வாற்கோதுமையும் அளக்கப்பட்டன. ஒரு கர் ஏறக்குறைய 77 லிட்டர் என்பதால், மொத்தம் 420 லிட்டருக்குச் சற்று மேல். கோதுமை ரொட்டிக்கு, வாற்கோதுமை பீருக்கு. பெரிய குடும்பமும் சாப்பிட்டு மிச்சம் வைக்கக்கூடிய அளவு இது. அந்த மிச்சத்தைக் கொண்டுதான் பண்டமாற்று நடந்தது. இதைத் தவிர மீன், காய்கறி, விறகு, பானைகள், எண்ணெய், துணி ஆகியவையும் வந்தன. அடிமைகள் கட்டிய கல்லறைகள் என்ற பழைய கதையை இந்தக் கணக்கே மறுத்துவிடுகிறது.

இனி கல்லறைக்குள் போகலாம். ஹொரெம்ஹெப்பின் கல்லறை வேலை முடியாமலே நின்றுபோனது. ஆய்வாளருக்கு அது பெரும் பேறு. சுவரின் ஓரிடத்தில் சிவப்புக் கோட்டில் முதல் வரைவு மட்டும் இருக்கிறது. அடுத்த இடத்தில் கருப்புக் கோடு அந்தச் சிவப்பைத் திருத்துகிறது. ஒரு தோளைச் சற்று இறக்குகிறது, ஒரு கையை நீட்டுகிறது. அதற்கும் அப்பால் உளி இறங்கி, உருவம் புடைத்து நிற்கிறது. பதிவேட்டுச் சில்லில் கண்ட அதே இரண்டு மைகள்தாம் இவை.

அங்கே வரையப்பட்டது 'வாயில்களின் நூல்'. சூரியக் கடவுளின் படகு இரவெல்லாம் பாதாளத்தில் இழுத்துச் செல்லப்படுகிறது. வழியில் பன்னிரண்டு வாயில்கள், அவற்றைக் காக்கும் பாம்புகள். இதில் அறிஞர்களின் கவனத்தை அதிகம் ஈர்ப்பவை பாம்பும் மறுபிறப்பும்தான். நான் கவனிக்கச் சொல்வது, உருவங்களுக்கு அருகே திரும்பத் திரும்ப வரும் சிறு குறிப்புகளை. இந்தக் கூட்டத்தாருக்கு ரொட்டி எது, பீர் எது, குளிர்ந்த நீர் எது என்று அவை சொல்லிக்கொண்டே போகின்றன. நிலம் அளக்கும் கயிற்றை ஏந்திய தேவர்களும் அங்கே உண்டு. செத்தவர்களுக்கும் பங்கு அளந்தே தரப்படுகிறது. நூலை இயற்றியவர்கள் கோயில் சார்ந்த அறிஞர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே தொழிலாளர்கள் தங்கள் வாழ்க்கையைப் பாதாளத்தில் வரைந்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சமூகம் மறுமையைக் கற்பனை செய்தபோது நியாயமான உலகம் என்று அதற்குத் தோன்றியது, படி ஒழுங்காக வந்து சேரும் உலகம். நான் சொல்வது இவ்வளவுதான்.

இந்தப் பார்வையில் நினைவுச்சின்னங்களின் பொருளும் மாறுகிறது. மேற்குக் கரைக் கோயில்களைப் பள்ளிப்படை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அரசனின் உடல் இருப்பது மலைக்கு அப்பால் உள்ள பள்ளத்தாக்கில். கோயிலில் நடந்தது அவனுக்கான வழிபாடும், அதற்கு வேண்டிய தானியச் சேமிப்பும். இரண்டாம் ராமேசஸின் ராமேசியம் கோயிலுக்குப் பின்னால் பச்சைச் செங்கல்லால் வளைவுக் கூரையிட்ட களஞ்சியங்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் தூண்களோடும் சிலைகளோடும் திரும்பிவிடாமல் இவற்றையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.மு. 1157இல் நடந்ததை இந்த இடத்திலிருந்துதான் படிக்க வேண்டும். டூரின் அருங்காட்சியகத்தில் உள்ள பாப்பிரஸ் அதை நாள்வாரியாகச் சொல்கிறது. எழுதியவர் ஊர் எழுத்தர் அமென்னக்ட் என்று கொள்ளப்படுகிறது. முளைப்புப் பருவத்தின் இரண்டாம் மாதம் 10ஆம் நாள், தொழிலாளர்கள் காவல் அரண் ஐந்தையும் கடந்து வெளியேறினார்கள். பதினெட்டு நாள் கழிந்துவிட்டது, பசிக்கிறது என்று சொல்லி மூன்றாம் துட்மோஸின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த நாள்களில் ராமேசியத்தின் வாசலுக்குப் போய், பிறகு உள்ளேயே சென்று அமர்ந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, எங்கள் நல்ல அரசருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்பதே அவர்கள் வாக்குமூலத்தின் சாரம். காவல் தலைவர் மென்ட்மோஸ் அவர்களை அடித்து விரட்டவில்லை. வீடுகளைப் பூட்டிவிட்டு மனைவி மக்களை அழைத்து வாருங்கள், முதலாம் செட்டியின் கோயிலுக்கு நானே முன்னால் நடக்கிறேன் என்றார்.

உலகின் முதல் வேலைநிறுத்தம் என்று இதைப் புகழ்வது வழக்கம். அந்தப் புகழ் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. அவர்கள் எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்பதைக் கேட்டால்தான் நிகழ்ச்சி விளங்கும். அவர்கள் போனது களஞ்சியம் உள்ள இடத்துக்கு. அதே இடம்தான் மாத் எனப்படும் உலக ஒழுங்கை அரசன் தெய்வத்துக்குப் படைப்பதாகச் சுவரில் காட்டப்படும் இடமும். சுவரில் எழுதியதைக் களஞ்சியத்தில் காட்டு என்று கேட்டதற்கு அது சமம். படி தவறினால் மாத் தவறுகிறது. அதனால்தான் கோரிக்கை கிளர்ச்சியின் மொழியில் எழாமல், அரசனின் கடமையை நினைவூட்டும் மொழியில் எழுந்தது என்று கருதுகிறேன்.

அதே பாப்பிரஸ் இன்னொன்றையும் பதிகிறது. இரண்டு மாதம் கழித்து அமைச்சர் தோ வந்தார். அரசனின் முப்பதாம் ஆண்டு விழாவுக்குத் தென்னாட்டுத் தெய்வங்களை ஏற்றிக்கொண்டு வடக்கே படகில் போய்விட்டார். தொழிலாளர்களுக்குக் காவல் தலைவர் ஒருவர் வழியாகச் செய்திதான் வந்தது: களஞ்சியமே காலியாக இருந்தாலும் கிடைத்ததைத் தருகிறேன் என்று. தெய்வங்கள் பயணம் போவதற்குப் படகு இருந்தது. ஊருக்குத் தானியம் ஏற்றி வரப் படகு இல்லை.

ஓர் எதிர்வாதம் நியாயமானது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் இவ்வளவு பேர் இருந்த, அரசே சோறு போட்ட ஊர் இது. இதை வைத்து நைல் கரை உழவரைப் பற்றி என்ன சொல்ல முடியும்? மிகக் கொஞ்சம்தான். உழவருக்குப் படி அளக்கப்படவில்லை. அவரிடமிருந்துதான் அளந்து எடுக்கப்பட்டது. என் வாதம் அரசுக் களஞ்சியத்தின் நிழலில் வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஊருக்குள்ளேயும் படியளப்பால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. ஊருக்கு மேலே கூம்பாக எழும் மலையுச்சியை மெரெட்செகர் என்ற பாம்புத் தெய்வமாக அவர்கள் வணங்கினார்கள். நெஃபராபு என்ற தொழிலாளி நாட்டிய கல்லில், தான் அறியாமல் உச்சிக்குப் பிழை செய்ததையும், பிரசவ வேதனைப்படும் பெண்ணைப் போலத் துடித்ததையும், பிறகு அவள் மனமிரங்கி இளங்காற்றாக வந்ததையும் எழுதியிருக்கிறார். அங்கே அளவு இல்லை, பங்கு இல்லை. பிழையும் பொறுத்தலும் மட்டுமே உண்டு.

வீட்டுக்குள் மறுபடியும் அளவு வந்துவிடுகிறது. ஐந்தாம் ராமேசஸின் மூன்றாம் ஆண்டில் நௌநக்ட் என்ற மூதாட்டி ஊர்ச் சபையின் முன் வந்து தன் சொத்தைப் பிரித்தாள். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். முதுமையில் தனக்குக் கை கொடுத்தவர்களுக்கு உண்டு, கை கொடுக்காதவர்களுக்கு இல்லை என்று அறிவித்தாள். தனக்குரிய மூன்றில் ஒரு பங்கிலிருந்து அவர்களை நீக்கினாள். பிள்ளைகளின் தந்தைக்குரிய மூன்றில் இரண்டு பங்கில் கை வைக்கவில்லை. கென்ஹிர்கொப்ஷெஃப் என்ற மகனுக்கு மட்டும், மற்றவர்களின் பங்குக்கு மேலாக, ஒரு வெண்கலக் கழுவு கிண்ணத்தைக் கொடுத்தாள்.