அணை கட்டியவரே கேட்ட கேள்வி – கொள்ளிடமும் உல்லம் மீனும்

காவிரி என்றதும் நம் நினைவுக்கு வருவது நெல், மேட்டூர் நீர்மட்டம், தண்ணீர்த் தகராறு. இதே காவிரியில் ஆண்டுதோறும் கடலிலிருந்து மீன்கள் கூட்டம் கூட்டமாக ஏறி வந்த காலம் ஒன்று இருந்தது. அந்த மீனின் பெயர் உல்லம். வங்காளிகள் உயிரை விடுகிற இலிஷ், அதாவது ஹில்சா, இதுதான். கோதாவரியில் வெள்ளக் காலத்தில் பிடிபடும்போது ஆந்திராக்காரர்கள் இதையே புலசா என்கிறார்கள்.

உல்லம் வளர்வது கடலில். முட்டையிட மட்டும் ஆற்றுக்கு வரும். தென்மேற்குப் பருவமழையில் புது வெள்ளம் கடலில் கலக்கும்போது, நீரோட்டத்தை எதிர்த்து மேலே நீந்தும். ஒரு பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் சில மாதங்கள் நன்னீரில் வளர்ந்துவிட்டு கடலுக்குத் திரும்பும். ஆகவே இந்த மீனுக்கு இரண்டு தேவை: சரியான நேரத்தில் வெள்ளம், தடையில்லாத வழி.

1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகளைக் கட்டினார். முக்கொம்பில் மேலணை, அணைக்கரையில் கீழணை. தஞ்சைப் பகுதியின் பாசனம் இதனால் நிலைபெற்றது. கீழணைத் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004 முதல் சென்னைக்கு அங்கிருந்து குடிநீரும் வருகிறது. காட்டன் செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. இந்த அணைகளால் மீன்வளம் கெடுமே என்று மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனவரும் அதே காட்டன்தான்! 1867-ல் அவர் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கு எழுதினார். மதராஸ் மாகாண ஆறுகளின் குறுக்கே உள்ள அணைகள் மீன்கள் ஏறி வரும் வழியை அடைப்பதால் கடலோர மீன்பிடிப்பும் பாதிக்கப்படும் என்பது அவர் கவலை. தான் கட்டியதன் பக்க விளைவைத் தானே எடுத்துச் சொன்ன பொறியாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதை விசாரிக்கும் பொறுப்பு பிரான்சிஸ் டே என்பவருக்கு வந்தது. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த இவர், மீன்கள் மீது தீராத ஆர்வம் கொண்டவர். அந்தக் காலத்தில் மீனுக்கு அடையாள வில்லை மாட்டும் வசதியெல்லாம் இல்லை. அணைகளின் அடியில் என்ன மீன் எப்போது பிடிபடுகிறது, அதன் வயிற்றில் முட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வழி. நாடு முழுவதும் கலெக்டர்கள், தாசில்தார்களிடமிருந்தும் தகவல் வாங்கினார். 1873-ல் வெளியான அவருடைய அறிக்கை, இந்திய, பர்மிய நன்னீர் மீன்பிடிப்பு பற்றிய முதல் பெரிய ஆவணம். அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி வைக்க வேண்டும் என்று டே வலியுறுத்தினார்.

அடுத்து வருபவரை வணிகவியல் மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கூட்டுறவுப் பாடத்தில் வரும் பிரெடரிக் நிக்கல்சன்! 1895–97-ல் கூட்டுறவுக் கடன் அறிக்கை எழுதிய அதே மனிதர்தான் மதராஸ் மீன்வளத் துறைக்கும் அடித்தளம் போட்டவர். அவர் காலத்தில், நீலகிரியில் டிரவுட் மீனை வளர்த்துக் காட்டிய எச்.சி. வில்சன் கீழணைக்கு வந்தார். 1909-ஐ ஒட்டி, உல்லத்தின் முட்டையை எடுத்து செயற்கை முறையில் பொரிக்க வைக்கும் சோதனைகளை நடத்தினார். இந்தியாவில் இந்த மீனை வைத்து நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று இது. ஆனால் முட்டை முற்றிய பெண் மீனும் தயாரான ஆண் மீனும் ஒரே நேரத்தில் உயிரோடு கிடைப்பது அரிது. தொட்டால் வாடிவிடும் மீன் வேறு.

மீன் ஏணி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். மேல்நாட்டு மீன் ஏணி சால்மனுக்காக உருவானது. சால்மன் துள்ளிக் குதித்துப் படியேறும். உல்லத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வெளிநாட்டு விடையை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது என்பதுதான் இதில் உள்ள பாடம்.

கொள்ளிடத்து அணைகள் உயரம் குறைந்தவை. பெருவெள்ளம் அவற்றுக்கு மேலே புரண்டு ஓடும்போது மீன்கள் தாண்டிப் போக ஓரளவு வாய்ப்பு இருந்தது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அதுவும் குறைந்தது. அந்த அணையைத் தாண்டிப் போக மீனுக்கு வழியே இல்லை. அதோடு, மீனை அழைத்து வரும் ஆடி வெள்ளம் அணையில் தேங்கிப் பாசனக் கணக்குப்படி திறந்துவிடப்பட்டது. வழியும் போயிற்று, அழைப்பும் போயிற்று. 1942-ல் டி.டபிள்யூ. தேவநேசன் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி அணைகள் உல்லத்தை எப்படிப் பாதித்தன என்று தனிக் கட்டுரையே எழுதினார்.

மேட்டூருக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1938-ல் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் பான்வில் அணை திறக்கப்பட்டது. அங்கே கட்டும்போதே மீன் ஏணி வைத்தார்கள். ஏறிப் போகும் சால்மன்களை எண்ணவும் தொடங்கினார்கள். அங்கும் சால்மன் குறைந்தது உண்மைதான். ஆனால் எவ்வளவு குறைந்தது என்று சொல்லக் கணக்கு இருக்கிறது.

நம் நாட்டில் இதே கதை கங்கையில் திரும்பவும் நடந்தது. அலகாபாத், ஆக்ரா, டெல்லி வரை ஏறிய ஹில்சா, 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் மேலே பெரிதும் குறைந்துபோனது. அண்மை ஆண்டுகளில் பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஹில்சாக்களை ஃபராக்காவுக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. சிலவற்றுக்கு எண் பொறித்த வில்லை மாட்டி, வலையில் சிக்கினால் தகவல் சொல்லுமாறு மீனவர்களைக் கேட்கிறது. மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை ஆராய்ந்தும் அது எப்போது கடலில் இருந்தது, எப்போது ஆற்றில் இருந்தது என்று சொல்லலாம். கடல் நீரில் ஸ்ட்ரான்சியம் அதிகம். அது கல்லில் அடுக்கடுக்காகப் பதிந்துவிடும். டே மீனின் வயிற்றைப் பார்த்துத் தேடிய விடையை இன்று கல்லில் தேடுகிறார்கள்.

உலக அளவில் உல்லம் இன்னும் அழிவுப் பட்டியலில் சேரவில்லை. வங்கதேசத்தில் அது ஏராளமாகப் பிடிபடுகிறது. ஆனால் ஓர் இனம் உலகத்தில் பிழைத்திருப்பது வேறு, ஓர் ஆற்றில் பிழைத்திருப்பது வேறு.

அணை கட்டும்போது எத்தனை ஏக்கர் பாசனம், எவ்வளவு வரி வருமானம் என்று கணக்கு எழுதினார்கள். ஆற்றங்கரையில் வலை வீசிப் பிழைத்தவனின் நஷ்டம் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. மேட்டூரை யாரும் இடிக்கப் போவதில்லை, இடிக்கவும் கூடாது. ஆனால் கொள்ளிடத்தில் கட்டுமானம் நின்றுவிடவில்லை. 2018 வெள்ளத்தில் முக்கொம்பு மதகுகள் உடைந்ததால் அங்கே புதிய கதவணை வந்தது. கீழணைக்கும் கீழே ஆதனூர் – குமாரமங்கலம் இடையே இன்னொன்று எழுந்தது. ஒவ்வொரு முறை திட்ட மதிப்பீடு போடும்போதும் காட்டன் 1867-லேயே கேட்ட கேள்வியை ஒரு வரியாகவாவது சேர்த்தால் என்ன?