சதாராவில் ஒரு சிறைவாசம்

1741 மார்ச்சு மாதத்தில் திருச்சிராப்பள்ளிக் கோட்டை மராத்தியர் வசமாகி, அதை ஆண்டுவந்த சந்தா சாகிபு சதாராவுக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்டபோது, அவருடைய மனைவியும் மகனும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் தஞ்சம் புகுந்திருந்தனர். அவர்களை ஒப்படைக்கும்படி மராத்தியத் தலைவர் ரகூஜி போன்ஸ்லே மிரட்டியும் கவர்னர் துய்மா இணங்காதது என்றும் மெச்சத்தக்க செய்கை. பின்வந்த துய்ப்ளேக்சோ, ஆர்க்காட்டு நவாபு பதவியில் தமக்கு அனுகூலமானவரை அமர்த்தும் நோக்கத்தோடு, கடிதப் போக்குவரத்தும் மீட்புத்தொகைப் பேரமும் நடத்தி, 1748-இல் சந்தா சாகிபின் விடுதலையைச் சாதித்தார். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அதன் சுவடுகளைக் காணலாம்.

ஏழாண்டுச் சிறையிலிருந்து மீண்ட அம்மனிதர், அந்நவாபு பதவிக்கான போரில், 1752 ஜூனில், பிரெஞ்சுப் படையோடு ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள் முற்றுகைக்கு உட்பட்டிருக்கையில், தளபதி லா பேசிய ஏற்பாட்டின்படி, தப்பவிடுவதாகத் தஞ்சைச் சேனாபதி மானாஜி அளித்த வாக்குறுதியை நம்பிச் சரணடைந்தார். அபயம் தந்தவர்களின் முகாமிலேயே அவர் சிரச்சேதம் செய்யப்பட்டதை நினைக்க நெஞ்சு பதைக்கிறது.